ஷெரீஃப்: ஓர் அதிகாரம் தேய்ந்த கதை

"ஷெரீஃப்' என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு உருவங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, ஹாலிவுட் திரைப்படங்களில் மார்பில் நட்சத்திரச் சின்னத்துடனும் இடுப்பில் துப்பாக்கியுடனும் குதிரையில் வரும் அமெரிக்கக் காவல் அதிகாரி. மற்றொன்று, ராபின் ஹூட் கதைகளில் ஏழைகளைக் கசக்கிப் பிழியும் நாட்டிங்ஹாம் ஷெரீஃப். முதலாமவர் ஊரைக் காப்பவர். இரண்டாமவர் ஊரைக் கொள்ளையடிப்பவர். ஒரே பதவிப் பெயர் எப்படி இருவருக்கும் பொருந்தியது?

இந்தக் கேள்விக்கு விடை இங்கிலாந்தின் ஆயிரம் ஆண்டு நிர்வாக வரலாற்றில் இருக்கிறது. அதை வெறும் பழங்கதையாக என்னால் பார்க்க முடியவில்லை. அளவற்ற அதிகாரம் ஒருவர் கையில் குவிந்தால் என்ன ஆகும், அதை ஒரு சமூகம் எப்படிப் படிப்படியாகக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இங்கிலாந்தின் பழைய நிலப்பிரிவுக்கு "ஷயர்' என்று பெயர், ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது. நார்மானியர் வந்த பின்னர் அதுவே "கவுன்டி' எனவும் அழைக்கப்பட்டது. மன்னரின் நிலத்தையும் வருவாயையும் மேற்பார்க்கும் காரியக்காரருக்கு "ரீவ்' என்று பெயர். ஷயர் முழுமைக்குமான ரீவ்தான் "ஷயர் ரீவ்', அது மருவி "ஷெரீஃப்' ஆயிற்று. நார்மானியப் படையெடுப்புக்கு முன்னரே, ஆங்கிலோ-சாக்ஸன் மன்னர்களின் இறுதிக் காலத்திலேயே இப்பதவி வேரூன்றிவிட்டது. பெருங்குடிப் பிரபுக்கள் பல ஷயர்களை ஒருசேர ஆண்டதால், ஒவ்வொரு ஷயரிலும் மன்னருக்கென்று ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்த ஆள்தான் ஷெரீஃப்.

1066-இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய முதலாம் வில்லியம், இந்தப் பதவியை ஒழிக்கவில்லை, மேலும் வலுப்படுத்தினார். உள்ளூர் ஆங்கிலேயர்களை அகற்றிவிட்டுத் தன்னுடன் வந்த போர்த்தளபதிகளை அமர்த்தினார். வரி வசூல், நீதிமன்றம், காவல், சிறை, அரச கோட்டை, ஆள்திரட்டல் என யாவும் ஷெரீஃபின் பிடிக்குள் வந்தன. அவருக்கு மேலே மன்னர் ஒருவரே. மன்னரோ ஆண்டின் பெரும்பகுதியைக் கடலுக்கு அப்பால் நார்மண்டியில் கழித்தவர்.

அதன் விளைவை 1086-இல் தொகுக்கப்பட்ட "டூம்ஸ்டே' நிலப்பதிவேடே சொல்கிறது. கேம்பிரிட்ஜ் நகர மக்கள் முன்பு ஆண்டுக்கு மூன்று முறை தங்கள் ஏர்களை ஷெரீஃபுக்கு இரவல் தந்துவந்தனர். பிகோ என்ற நார்மானிய ஷெரீஃப் அதை ஒன்பது முறையாக்கினார் என்று அதில் பதிவாகியிருக்கிறது. நகரின் பொது மேய்ச்சல் நிலத்தையும் அவர் பறித்துக்கொண்டார் என்ற முறையீடும் உண்டு. அரசே எடுத்த கணக்கெடுப்பில் அரசு அதிகாரியின் அத்துமீறல் பதிவானது என்பது கவனிக்கத்தக்கது.

பிகோ தனிப்பட்ட முறையில் பேராசைக்காரராக இருந்திருக்கலாம். ஆனால், சிக்கலின் வேர் மனிதரில் இல்லை. பதவி அமைக்கப்பட்ட முறையில் இருந்தது. ஷெரீஃப் பதவி உண்மையில் ஒரு குத்தகை. கவுன்டியிலிருந்து மன்னருக்குச் சேர வேண்டிய வழக்கமான வருவாய்க்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை நிர்ணயிக்கப்படும். அதைக் கருவூலத்தில் கட்டிவிட்டால், அதற்கு மேல் வசூலாவது ஷெரீஃபுக்கே. குறைந்தால் அவர் கைப்பொறுப்பு. இப்படியொரு ஏற்பாட்டில் நல்லவரும் கடுமை காட்டத்தான் செய்வார். கெட்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பதவியைப் பெறவே மன்னருக்குப் பணம் கொடுத்தவர்களும் இருந்தனர். போட்ட முதலை எடுக்க அவர்கள் மக்களைத்தானே நாட முடியும்?

முதல் கடிவாளம் கணக்கு வடிவில் வந்தது. ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரிலும் செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளிலும், ஷெரீஃப்கள் கருவூல அதிகாரிகள் முன் நேரில் நிற்க வேண்டும். அங்கே மேசை மீது கட்டம் போட்ட துணி விரிக்கப்பட்டிருக்கும். வர வேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று கட்டங்களில் வில்லைகளை வைத்து எல்லோர் கண்ணெதிரிலும் கணக்குப் பார்ப்பார்கள். சதுரங்கப் பலகையைப் போன்ற அந்தத் துணியிலிருந்துதான் பிரிட்டிஷ் கருவூலத்துக்கு "எக்ஸ்செக்கர்' என்ற பெயர் வந்தது. கட்டிய பணத்துக்கு ரசீதாக, வெட்டுக்குறிகள் இட்டு இரண்டாகப் பிளந்த மரக்குச்சியின் ஒரு பாதி ஷெரீஃபிடம் தரப்படும். முடிவுகள் தோல் சுருள்களில் எழுதப்பட்டன. அவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழையது 1130-ஆம் ஆண்டுக்குரியது.

ஆனால், இந்தக் கணக்கு மன்னருக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்பதை மட்டுமே பார்த்தது. மக்களிடம் எவ்வளவு பறிக்கப்பட்டது என்பதை அது கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் இரண்டாம் ஹென்றி. நான்கு ஆண்டுகள் பிரெஞ்சு மண்ணில் இருந்துவிட்டு 1170-இல் இங்கிலாந்து திரும்பிய அவர், ஷெரீஃப்கள் யார் யாரிடம் என்னென்ன வாங்கினர், எந்தக் காரணத்துக்காக வாங்கினர் என்று கவுன்டிதோறும் விசாரிக்க ஆணையிட்டார். பெரும்பாலான ஷெரீஃப்கள் பதவி இழந்தனர். நாடு தழுவிய ஊழல் விசாரணை என்று இன்றைய மொழியில் இதைச் சொல்லலாம்.

விசாரணை ஆட்களை மாற்றியது. குத்தகை முறை அப்படியே இருந்தது. ஆகவே, அடுத்த தலைமுறையிலேயே அதே முறைகேடுகள் திரும்பின. ஹென்றியின் மகன் ஜான் மன்னரானபோது நிலைமை மேலும் மோசமானது. அவர் போர்ச் செலவுக்காக, குத்தகைத் தொகைக்கு மேலும் கூடுதல் தொகைகளை ஷெரீஃப்களிடம் கேட்டார். அந்தச் சுமை மக்கள் தலையில் இறங்கியது.

1215-இல் பிரபுக்கள் ஜானைப் பணியவைத்துப் பெற்ற "மாக்ன கார்ட்டா' சாசனத்தைத் தனிமனித சுதந்திரத்தின் தோற்றுவாயாகக் கொண்டாடுகிறோம். அதன் பிரிவுகளை நிதானமாகப் படித்தால், அதன் கணிசமான பகுதி ஷெரீஃப்களுக்குக் கடிவாளமிடும் பட்டியல் என்பது புலப்படும். கொலை போன்ற கடுங்குற்ற வழக்குகளை ஷெரீஃப் விசாரிக்கக் கூடாது என்கிறது ஒரு பிரிவு. கவுன்டிகளின் குத்தகைத் தொகையை உயர்த்தக் கூடாது என்கிறது அடுத்தது. குடிமகனின் குதிரையையும் வண்டியையும் அவர் சம்மதமின்றி எடுக்கக் கூடாது என்கிறது வேறொன்று. நாட்டின் சட்டத்தை அறிந்தவர்களையே ஷெரீஃபாக நியமிக்க வேண்டும் என்று மற்றொரு பிரிவு கூறுகிறது.

அதே சாசனம் சில அதிகாரிகளைப் பெயர் சொல்லியே நீக்கக் கோரியது. அவர்களுள் ஒருவர் பிலிப் மார்க். அப்போது நாட்டிங்ஹாம்ஷயரின் ஷெரீஃப். ராபின் ஹூட் கதைப் பாடல்களில் வரும் ஷெரீஃபுக்குப் பெயர் கிடையாது. எனினும், அந்தப் பாத்திரத்தின் மூலவர் இவராக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. இதில் வியப்பு என்னவென்றால், சாசனத்தில் பெயர் இடம்பெற்ற பிறகும் அவர் 1224 வரை பதவியில் தொடர்ந்தார். ஓர் அதிகாரியைப் பெயர் சுட்டிக் கண்டிப்பது எளிது, அசைப்பது கடினம்.

பெயர்கள் சாதிக்காததை அமைப்பு மாற்றங்கள் சாதித்தன. ஏற்கெனவே 1194-இல், கடுங்குற்ற வழக்குகளின் விவரங்களைப் பதிந்து வைக்க ஒவ்வொரு கவுன்டியிலும் தனி அலுவலர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களே "கொரோனர்'கள். ஷெரீஃப் மறைக்க நினைக்கும் செய்தி இன்னொருவர் ஏட்டிலும் இருக்கும் என்ற நிலை அப்போது உருவாயிற்று. தன் சொந்தக் கவுன்டியில் ஷெரீஃப் மன்னரின் நீதிபதியாக அமரக் கூடாது என்ற விதியும் அதே ஆண்டில் வந்தது.

அடுத்தது காலவரம்பு. 1258-இல் ஆக்ஸ்போர்டில் வகுக்கப்பட்ட சீர்திருத்த விதிகள், ஷெரீஃப் அந்தந்தக் கவுன்டியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஓராண்டுதான் பதவியில் இருக்க வேண்டும், மக்களிடம் கையூட்டுப் பெறாதபடி அவருக்கு ஊதியம் தரப்பட வேண்டும் என்றன. அந்த விதிகள் நீடிக்கவில்லை. ஆனால், அவற்றின் கருத்து சாகவில்லை. 1340-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஓராண்டு வரம்பை நிலைநாட்டியது. ஒருமுறை பதவி வகித்தவரை மூன்றாண்டுகளுக்குள் மீண்டும் நியமிக்கக் கூடாது என்று 1377-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது.

மூன்றாவது, பிரித்தல். 1361-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கவுன்டிதோறும் அமைதிக்கான நீதிபதிகள் அமர்த்தப்பட்டனர். ஷெரீஃப் ஆண்டுக்கு இருமுறை நடத்திவந்த சுற்று நீதிமன்றத்தின் குற்றவியல் அதிகாரம் 1461-இல் அவர்களுக்கு மாற்றப்பட்டது. பின்னர் டியூடர் மன்னர்கள் காலத்தில் படைதிரட்டும் பொறுப்பு "லார்டு லெப்டினன்ட்' என்ற புதிய அலுவலரிடம் சென்றது. நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றுவது, ஜூரிகளைத் திரட்டுவது, கைதிகளைக் காவலில் வைப்பது, தூக்குத் தண்டனையை நிறைவேற்றச் செய்வது, கவுன்டியின் நாடாளுமன்றத் தேர்தலை நடத்துவது ஆகியவை ஷெரீஃபிடம் எஞ்சின.

எஞ்சியது குறைவுதான் என்றாலும், அதையும் தவறாகப் பயன்படுத்த முடிந்தது. பதவியில் இருக்கும் ஷெரீஃப் நாடாளுமன்ற உறுப்பினராக முடியாது. இதைக் கண்டுகொண்ட முதலாம் சார்லஸ் மன்னர், 1625-இல் தம்மை எதிர்த்துப் பேசிய ஆறு பேரை ஷெரீஃப்களாக நியமித்தார். அவர்களுள் முன்னாள் தலைமை நீதிபதியும் சட்ட மேதையுமான எட்வர்ட் கோக்கும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 73. பதவி கொடுத்தே வாயடைக்கும் உத்தி புதியதன்று.

அதே சார்லஸ், நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றிக் "கப்பல் வரி'யை 1635-இல் நாடு முழுமைக்கும் விதித்தபோது, அதைப் பங்கிட்டு வசூலிக்கும் பொறுப்பை ஷெரீஃப்களிடம் சுமத்தினார். நிலுவைக்கு அவர்களே பொறுப்பு. ஆனால், அதற்குள் ஷெரீஃப் என்பவர் ஓராண்டு கழித்துத் தன் அண்டை வீட்டாருடனேயே வாழ வேண்டிய உள்ளூர்க்காரராகிவிட்டிருந்தார். மக்களின் எதிர்ப்பு வலுத்தபோது, 1639-இல் கேட்ட தொகையில் சிறு பகுதியே வசூலானது. நார்மானியத் தளபதிகளைக் கொண்டு வில்லியம் சாதித்ததை, ஓராண்டு ஷெரீஃப்களைக் கொண்டு சார்லஸால் சாதிக்க முடியவில்லை. காலவரம்பின் வலிமை அங்கேதான் வெளிப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கதையை முழு வெற்றியாகச் சித்திரிப்பதும் சரியாகாது. ஷெரீஃபிடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம் உடனே மக்களிடம் வந்துவிடவில்லை. நிலவுடைமையாளர்களாக இருந்த அமைதிக்கான நீதிபதிகளிடம் சென்றது. கவுன்டி நிர்வாகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் 1888-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே அமைந்தன. ஷெரீஃப் பதவியும் சொந்தச் செலவில் விருந்தோம்பும் ஊதியமற்ற பதவியாகி, செல்வர்கள் மட்டுமே ஏற்கத்தக்கதாயிற்று. அதைத் தவிர்க்கக் காரணம் தேடியவர்களும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு எஞ்சியவற்றையும் எடுத்துக்கொண்டது. சிறு உரிமையியல் வழக்குகளுக்கு 1846-இல் புதிய நீதிமன்றங்கள் வந்தன. 1856-இல் எல்லாக் கவுன்டிகளிலும் காவல் படை கட்டாயமானது. 1877-இல் சிறைகள் மத்திய அரசின் கீழ் வந்தன. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 55 "ஹை ஷெரீஃப்'கள் இருக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் ஓராண்டுப் பதவி, ஊதியம் இல்லை. அவர்களில் பெரும்பாலோரின் பெயருக்கு எதிரே, தோல் சுருளில் மன்னர் ஊசியால் துளையிட்டு நியமிக்கும் பழைய மரபு மட்டும் மாறவில்லை. வெல்வெட் அங்கியும் வாளும் அணிந்து நீதிபதிகளை வரவேற்பதும், தொண்டு அமைப்புகளை ஊக்குவிப்பதும் இன்றைய பணிகள்.

ஆங்கிலேயர் இப்பதவியைச் சென்ற இடமெல்லாம் கொண்டுசென்றனர். அமெரிக்காவில் அது மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் காவல் பதவியாயிற்று. சென்னையும் விலக்கன்று. 1726-ஆம் ஆண்டு அரச சாசனத்தின்படி சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் மேயர் நீதிமன்றங்கள் அமைந்தபோது, அவற்றின் ஆணைகளை நிறைவேற்ற ஷெரீஃப்களும் வந்தனர். நாளடைவில் அது நகரப் பிரமுகருக்கான கௌரவப் பதவியாகச் சுருங்கியது. சென்னையில் 1998-இல் முடிவுக்கு வந்தது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெயரளவில் தொடர்கிறது.

இந்த நெடிய வரலாற்றிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்றுதான். கெட்ட அதிகாரியை நீக்கிவிட்டு நல்ல அதிகாரியை அமர்த்தினால் போதும் என்று மக்கள் எப்போதும் நம்புகிறார்கள். 1170-இல் ஹென்றி அதைத்தான் செய்தார். 1215-இல் பிரபுக்கள் பெயர்ப் பட்டியலே தந்தார்கள். இரண்டும் நிலைக்கவில்லை. பொதுவெளியில் கணக்குக் கேட்பது, பதவிக்குக் காலவரம்பு வைப்பது, வசூலிப்பவரும் விசாரிப்பவரும் தண்டிப்பவரும் ஒருவராகவே இல்லாதபடி பிரிப்பது ஆகிய மூன்றுமே நிலைத்தன.

கணக்கு கேட்கப்படாத, காலவரம்பு இல்லாத, பல அதிகாரங்களைத் தன்னிடமே குவித்து வைத்திருக்கும் பதவி எந்த நாட்டில் இருந்தாலும் அதில் அமர்பவர் யார் என்பது இரண்டாவது கேள்வியே. அந்தப் பதவி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வி.