டிவி விற்றவர், டிவி நடத்தியவர்

எச். வசந்தகுமார் 1950இல் கன்னியாகுமரி மாவட்டம் அகத்தீஸ்வரத்தில் பிறந்தார். காங்கிரஸ் தலைவரும் பேர்பெற்ற மேடைப் பேச்சாளருமான குமரி அனந்தன் அவருடைய அண்ணன். வீட்டில் அரசியல் இருந்தும், தம்பி முதலில் போனது கடைக்குத்தான். சென்னையில் வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்தார். வீட்டுச் சாமான்களைத் தவணைக்கு விற்பதில் முன்னோடி நிறுவனம் அது.

1978இல் 'வசந்த் அண்ட் கோ' என்று சொந்தக் கடை போட்டார். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கி அப்போது 3 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்ததும் டிவிப் பெட்டிக்குத் தேவை பெருகியது. மாதச் சம்பளக்காரருக்கு அது தவணையில்தான் கட்டுப்படியாகும். விளம்பரத்துக்கு நடிகரைத் தேடாமல் தாமே நின்றார். தேர்தல் சுவரொட்டிக்கு முன்பே அந்தச் சிரித்த முகம் ஊர் ஊராகத் தெரிந்திருந்தது.

2006இல் காங்கிரஸ் சார்பில் நாங்குநேரி சட்டமன்ற உறுப்பினரானார். வசந்த் டிவி வந்தது அதன் பிறகு, 2008இல். இத்தாலியின் பெர்லுஸ்கோனி தனியார் அலைவரிசைகளை வைத்துக்கொண்டு 1994இல் கட்சி தொடங்கி, அந்த ஆண்டே பிரதமரானார். வசந்தகுமாருக்கு வரிசை வேறு: கடை, பதவி, பிறகு அலைவரிசை. தமிழ்நாட்டில் கட்சிக்கொரு டிவி என்றிருந்த காலம் அது. வசந்த் டிவியும் காங்கிரஸ் சார்புள்ளதாகவே அறியப்பட்டது. ஆனால் அவருக்கு ஓட்டு வாங்கித் தந்ததில் டிவியைவிடக் கடைப் பலகைக்கே பங்கு அதிகம் என்று சொல்லலாம். டிவி கையிலிருந்தும் 2011இல் நாங்குநேரியிலும் 2014இல் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியிலும் தோற்றார்.

2016இல் நாங்குநேரியை மீட்டார். 2019இல் சுமார் 417 கோடி ரூபாய் சொத்துக் கணக்குக் காட்டிக் கன்னியாகுமரியில் நின்று, பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணனை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதே தேர்தலில் அண்ணன் மகள் தமிழிசை, பா.ஜ.க. வேட்பாளராகத் தூத்துக்குடியில் தோற்றார்.

மலேசியாவில் ஒருவரே சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இருக்கலாம், இந்தியாவில் முடியாது. அதனால் நாங்குநேரியை விட்டுக்கொடுத்தார். இப்படித் தொகுதியை விட்டுக்கொடுப்பது, 2018இல் அன்வார் இப்ராகிமுக்காக நாடாளுமன்ற உறுப்பினர் டேன்யல் பாலகோபால் பதவி விலகி இடைத்தேர்தல் கண்ட மலேசியாவின் போர்டிக்சனுக்குப் புதுக்கதையல்ல. ஆனால் போர்டிக்சனில் தொகுதி அவர்களுடைய கூட்டணியின் கையை விட்டுப் போகவில்லை. நாங்குநேரியோ 2019 அக்டோபரில் அ.தி.மு.க.விடம் போயிற்று.

2020 ஆகஸ்ட் 28இல் கொரோனாவால் வசந்தகுமார் இறந்தார். 2021 இடைத்தேர்தலில் கன்னியாகுமரியை வென்றவர் அவருடைய மகன், நடிகர் விஜய் வசந்த்.