வீசும் மாவும் பொங்கும் மாவும்

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில் காலையில் வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவர் "அண்ணே, ரெண்டு கோசோங், ஒரு முட்டை" என்பார். கோசோங் என்றால் மலாயில் வெறுமை. உள்ளே ஒன்றும் வைக்காத பிராட்டா. மாஸ்டர் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் ஓர் உருண்டையை எடுத்து, மேடையில் உள்ளங்கையால் தட்டையாக்கி, ஓரத்தைப் பிடித்து வீசுவார். நாலைந்து வீச்சில் கைக்குட்டை அளவு மாவு மேசைவிரிப்பு ஆகிவிடும். அதன் வழியே மேடையின் பளபளப்பு தெரியும். அப்படியும் கிழியாது.

மைதாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்ததும் இரண்டு புரதங்கள் சேர்ந்து குளூட்டன் என்னும் வலையைப் பின்னுகின்றன. குளூட்டெனின் ரப்பர் குணம். இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கே ஓடும். கிளையடின் இழுத்த பக்கமெல்லாம் நீளும். பிசைந்தவுடன் முன்னதன் கைதான் ஓங்கியிருக்கும். சில மணி நேரம் சும்மா விட்டால் வலை தளர்ந்து, சொன்னபடி கேட்கும். எண்ணெய் பூசி வைப்பது மேல்தோல் காய்ந்துபோகாமல் இருக்க.

எங்கள் வீவக வீட்டுச் சமையலறையில் ஒருநாள் பிசைந்த கையோடு வீசிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு மேல் வரமாட்டேன் என்று உருண்டை சுருங்கிக்கொண்டது. வம்பாக இழுத்தேன்; நடுவில் ஓட்டை. மிச்ச உருண்டைகளை மூன்று மணி நேரம் மூடி வைத்தேன். ஒரு வட்டில் அகலத்துக்கு விரிந்தன. வீசவில்லை, மேடையில் வைத்தே இழுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாக்காரரும் இதே குளூட்டன் வலையை நம்பித்தான் பிழைக்கிறார். ஆனால் அவர் அதற்குள் காற்றை அடைப்பது ஈஸ்டைக் கொண்டு. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் பதிவுசெய்த செய்முறைப்படி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு வெறும் 3 கிராம் ஈஸ்ட். முதலில் 2 மணி நேரம், உருண்டை பிடித்தபின் 4 முதல் 6 மணி நேரம் பொங்கவேண்டும். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் கிடையாது. எண்ணெயோ சர்க்கரையோ இல்லாத மாவு எப்படிச் சிவக்கிறது? 485 டிகிரி விறகடுப்பு. 60 முதல் 90 விநாடியில் ஓரம் உப்பிப் புள்ளி புள்ளியாகக் கருகிவிடும். நம் வீட்டு அவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். அவ்வளவு சூடேறாத அடுப்பில் வேகும் நியூயார்க் பாணி பீட்சா மாவில் எண்ணெயும் சர்க்கரையும் சேர்வதற்கு அதுவும் ஒரு காரணம். பிராட்டா மாவில் சர்க்கரையோ கெட்டிப்பாலோ விழுவதும் நிறத்துக்கு உதவுகிறது.

இத்தாலியிலேயே ஈஸ்ட் படாத ரொட்டியும் உண்டு. ரொமான்யா வட்டாரத்துப் பியாதினாவில் மாவு, உப்பு, தண்ணீரோடு பன்றிக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ சேரும். தட்டையான கல்லில் சுடுவார்கள். நம் சப்பாத்திக்குப் பெரியப்பா மகன் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெனோவாவின் ஃபொகாச்சா நேர்மாறு: பொங்கிய மாவில் விரலால் குழி குத்தி, அந்தக் குழிகளில் ஆலிவ் எண்ணெய் தேங்க விடுவார்கள்.

சிங்கப்பூரில் ஈஸ்ட் மாவுக்கு ஒரு தொல்லை. குளிர்நாட்டுக் குறிப்பைப் பார்த்து இரவு முழுக்க மேடைமேல் வைத்தேன். காலையில் மாவு கிண்ணத்தைத் தாண்டி வழிந்து, புளித்த கள் வாடை அடித்தது. 30 டிகிரிப் புழுக்கத்தில் ஈஸ்டுக்கு ஒரே கொண்டாட்டம். ஈஸ்டைக் குறைக்கவேண்டும், இல்லையேல் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும்.

பிராட்டாவுக்கு அந்தக் கவலை இல்லை. அதை உப்பவைப்பது நீராவி. வீசிய மாவை நெய்யோ மார்ஜரினோ தடவி மடிக்கும்போது அடுக்குக்கு அடுக்கு கொழுப்பு நிற்கிறது. கல்லில் போட்டதும் மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி, ஒட்டாத அடுக்குகளைப் பிரித்துத் தள்ளுகிறது. பிறகு புரட்டல். (இங்கே சொன்ன சொல்லை மாற்றிப் பேசுகிறவரைப் பிராட்டா புரட்டுகிறார் என்று கிண்டல் செய்வார்கள்.) கடைசியில் மாஸ்டர் சுடச்சுட இரு கையாலும் பிராட்டாவைப் பக்கவாட்டில் தட்டுவார். அடுக்குகள் உடைந்து ஆவி வெளியேறும், மொறுமொறுப்பு நிற்கும். பார்சலில் அதே ஆவி காகிதத்துக்குள் நீராகிப் பிராட்டாவைத் தொளதொளவென்று ஆக்கிவிடுகிறது. இடம் கிடைக்கக் கால்மணி நேரம் ஆனாலும் நான் தேக்காவிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன்.