கோலடியாத பெருவீரர்

உதைபந்தாட்டம் பார்க்கச் செல்லும் நாம் பெரும்பாலும் பந்தை மாத்திரமே பார்த்துவிட்டுத் திரும்புகின்றோம். முன்னணி வீரர் கோலடித்தால் ஆரவாரிக்கின்றோம். கோல் காவலர் பாய்ந்து பிடித்தால் மெச்சுகின்றோம். நடுக்களத்தில் ஆடியவர், பழைய மாணவர் மொழியிற் சொன்னால் 'ஹாவ்' ஆடியவர், என்ன செய்தார் என்று கேட்டால் நம்மிற் பலர் விழிப்போம். அத்தகைய ஒருவரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

குளோட் மக்கலேலே 1973இற் கின்சாசா நகரிற் பிறந்து, இளவயதிலேயே பிரான்சு தேசத்துக்குக் குடிபெயர்ந்தவர். நாந்துக் கழகத்தில் ஆடத் தொடங்கி, 1995இல் அக்கழகம் பிரெஞ்சு லீக் வாகை சூடியபோது அதன் அணியில் இருந்தார். பின்னர் மார்செய், செல்ற்றா வீகோ ஆகிய கழகங்களில் ஆடி, 2000ஆம் ஆண்டில் றியல் மட்றிட்டை அடைந்தார்.

அங்கே சிடான், பீகோ, றவுல் முதலியோர் தாக்குதலிலே திளைத்தனர். இடப்புறப் பின்காவலரான றொபேட்டோ கார்லோசும் அடிக்கடி முன்னேறிவிடுவார். இவர்கள் விட்டுச்சென்ற வெளியைக் காத்தவர் உயரங் குறைந்த இம்மனிதரே. எதிரணியின் பந்து எவ்வழி வரும் என்பதை முன்னரே உணர்ந்து, அவ்வழியிற் போய் நிற்பார். பந்தைப் பறித்ததும் அருகிலுள்ள தோழனுக்கு எளிதாகத் தட்டிவிடுவார். அவ்வளவுதான். பார்ப்பவர்க்கு இதில் வியப்பொன்றும் தோன்றாது. அவர் இருந்த மூன்று ஆண்டுகளில் றியல் மட்றிட் இருமுறை ஸ்பானிய லீக்கையும், 2002இல் ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றது.

2003இல் அவர் ஊதிய உயர்வு கேட்டார். பெக்கமை விலைகொடுத்து வாங்கிய அக்கழகம், இவருக்குக் கொடுக்க மறுத்தது. மக்கலேலே இங்கிலாந்தின் செல்சிக் கழகத்துக்குச் சென்றார். அடுத்த பருவத்தில் றியல் மட்றிட் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் தோற்று நான்காமிடத்துக்கு இறங்கியது. 2007 வரை லீக் வாகை அதற்குக் கிட்டவில்லை. பயிற்றுநர் டெல் பொஸ்கேயும் அணித்தலைவர் இயறோவும் அதே ஆண்டில் நீங்கினராதலின், பழி முழுவதையும் இவ்வொரு பிரிவின்மேற் சுமத்துதல் நீதியாகாது. எனினும் அதன் பங்கு சிறிதன்று என்பதே நம் எண்ணம்.

செல்சியில் நடுக்களத்தே மூவர் ஆடினர். மக்கலேலே பின்னே நிற்க, லாம்பாட் முதலிய இருவர் அச்சமின்றி முன்னேறினர். நடுவில் இருவரையே நிறுத்திய எதிரணிகள் மூவர்க்கு இருவராகத் திண்டாடின. 2004-05 பருவத்தின் 38 லீக் ஆட்டங்களிற் செல்சி விட்டுக்கொடுத்தவை 15 கோல்களே. அவ்வாண்டும் மறுவாண்டும் வாகை அதற்கே. பின்காவலர்க்கு முன்னின்று ஆடும் அவ்விடத்தை ஆங்கில நாட்டார் 'மக்கலேலே இடம்' என்றே வழங்கலாயினர்.

பிரான்சுக்காக 71 ஆட்டங்கள் ஆடியவர். 2006 உலகக்கிண்ண இறுதியாட்டத்திலும் களமிறங்கியவர். அந்த 71 ஆட்டங்களிலும் ஒரு கோலேனும் அடித்தாரல்லர். 2011இற் பரிஸ் கழகத்தில் ஆடி ஓய்வுபெற்றார்.

செல்சி 2005இற் கிண்ணத்தைக் கையேற்ற நாளில், சால்ற்றனுக்கு எதிரான ஆட்டத்தின் இறுதி நிமிடத்தில் தண்டனை உதையொன்று கிடைத்தது. அதனை அடிக்கும் பொறுப்பு மக்கலேலேக்கு விடப்பட்டது. கோல் காவலர் தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தை மறுபடியும் உதைத்தார். அது கோலுக்குள் உருண்டது. செல்சிக்காக அவர் அடித்த முதற் கோல் அது. தோழர்கள் அனைவரும் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டனர்.