இம்பிளான்ற் பல்: பூட்டிவிட்டால் போதுமா?

“டொக்டர், இது செயற்கைப் பல்தானே? இதற்கு எப்படி வருத்தம் வரும்?”

அண்மையில் ஒரு வயதான அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. விடுமுறைக்கு இந்தியா போனபோது பிள்ளைகள் கொடுத்த காசில் நான்கு இம்பிளான்ற் பற்கள் பூட்டிக்கொண்டு வந்தவர். மூன்றாம் வருடம் முரசிலிருந்து இரத்தமும் சீழும் வரத் தொடங்கின. நீரிழிவும் கட்டுப்பாட்டில் இல்லை. “நோகவில்லை, அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்” என்றார்.

இம்பிளான்ற் என்பது தாடை எலும்புக்குள் பதிக்கப்படும் டைட்டேனியம் திருகாணி. அதன் மேல்தான் பல் பொருத்தப்படுகிறது. முயலின் எலும்பில் வைத்த டைட்டேனியம் எலும்போடு ஒன்றி இறுகிவிடுவதை 1950களில் கவனித்தவர் சுவீடன் பேராசிரியர் பிரோனமார்க். 1965 இல் அவர் முதல் நோயாளருக்குப் பொருத்திய இம்பிளான்றுகள், அந்த நோயாளர் 2006 இல் இறக்கும்வரை பயன்பட்டன.

எல்லோருக்கும் இப்படி அமையுமா? பற்கள் முழுவதையும் இழந்தவர்களிடம் பிரோனமார்க் குழுவினர் செய்த ஆய்வு 1981 இல் வெளிவந்தது. ஐந்து முதல் ஒன்பது ஆண்டுகளின் பின், கீழ்த்தாடையில் 91 வீதமும் மேல்தாடையில் 81 வீதமும் உறுதியாக இருந்தன. 2019 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, பத்து ஆண்டுகளின் பின் நிலைத்திருப்பவை ஏறத்தாழ 96 வீதம். ஆனால் பரிசோதனைக்குத் திரும்பி வராதவர்களையும் கருத்தில் கொண்டு கணக்கிட்டபோது அது 93 வீதமாகக் குறைந்தது.

“நிலைத்திருக்கிறது” என்பது வேறு, “நலமாக இருக்கிறது” என்பது வேறு. சுவீடனில் 588 பேரை ஒன்பது ஆண்டுகளின் பின் பரிசோதித்த ஆய்வு 2016 இல் வெளியானது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு, இம்பிளான்றைச் சுற்றி அழற்சி ஏற்பட்டு எலும்பு கணிசமாகக் கரைந்திருந்தது.

திருகாணி சூத்தை பிடிக்காது. ஆனால் அதைத் தாங்கும் முரசும் எலும்பும் உயிருள்ளவை. இயற்கைப் பல்லை முரசு இறுகப் பிடித்திருப்பதுபோல் இதைப் பிடித்திருப்பதில்லை. கிருமிகள் உள்ளே இறங்கினாலும் ஆரம்பத்தில் நோவு தெரியாது. முன்பு முரசு நோய் இருந்தவர்கள், புகைபிடிப்பவர்கள், நீரிழிவு கட்டுப்படாதவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம்.

எனவே, இம்பிளான்ற் போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. முதலில் முரசு நோயைக் குணப்படுத்துங்கள். புகைத்தலை நிறுத்துங்கள்.

2. கடந்த மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்யுங்கள்.

3. எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராயின் பல் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சில மருந்துகளால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

4. எலும்பு இறுகப் பொதுவாகச் சில மாதங்கள் வேண்டும். நான்கு கிழமை விடுமுறைக்குள் எல்லாவற்றையும் முடிக்க அவசரப்படாதீர்கள்.

5. வெளிநாட்டில் செய்தால் எக்ஸ்ரே படங்களையும், இம்பிளான்றைத் தயாரித்த நிறுவனம், அளவு ஆகிய விபரங்களையும் எழுத்தில் வாங்கி வாருங்கள். அவை இல்லாவிட்டால் இங்குள்ள பல் வைத்தியர் பொருத்தமான பாகத்தைத் தேடி அலைய வேண்டிவரும்.

6. பல்லிடுக்குத் தூரிகையால் நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். நோவு இல்லாவிட்டாலும் ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போங்கள். இரத்தம் கசிந்தால் காத்திருக்க வேண்டாம்.

அந்த அம்மாவின் நான்கு பற்களில் ஒன்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. சீனியைக் கட்டுப்படுத்தி, மற்ற மூன்றையும் காப்பாற்ற முயன்று வருகிறோம். முதல்நாள் இரத்தம் கண்டபோதே அவர் வந்திருந்தால் நான்கையும் காப்பாற்றும் வாய்ப்பு இருந்திருக்கும்.