ஸ்டீல் ஸ்கேல் எவ்வளவு வளையும்?

மேசை விளிம்பில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். 20 சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கட்டும். மீதியைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள். வெளிமுனையில் 100 கிராம் படிக்கல்லைத் தொங்கவிட்டால் முனை எத்தனை மில்லிமீட்டர் இறங்கும்? ஸ்கேலின் எந்த இடம் அதிகம் சிரமப்படும்? பொறியியல் விசையியலில் வரும் கணக்குகளில் பெரும்பகுதி இந்தக் கேள்வியின் உறவினர்கள்தான். தூணில்லாமல் தெருப்பக்கம் நீளும் பால்கனி, ஜன்னலுக்கு மேல் இருக்கும் சன்ஷேடு, விமானத்தின் இறக்கை எல்லாவற்றிலும் ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது, மறுமுனை அந்தரத்தில் நிற்கிறது. இப்படிப்பட்ட அமைப்புக்குக் கேண்டிலீவர் என்று பெயர்.

விடை காண இரண்டு வழிகள் உண்டு. சமன்பாட்டை எழுதி, அதைத் தீர்த்து, சூத்திரமாக விடையைப் பெறுவது ஒன்று. பொருளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எளிய நடத்தையைக் கற்பித்து, கூட்டிக் கழித்து எண்ணாக விடையைப் பெறுவது மற்றொன்று. இன்று கல்லூரியிலும் அலுவலகத்திலும் கணினி செய்வது இரண்டாவது வேலையை. முதலாவது தேர்வுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் மாணவர்களிடம் பரவியிருக்கிறது. அது ஆபத்தான எண்ணம். ஏன் என்பதை இந்த ஸ்கேலை வைத்தே காட்டலாம்; பேனாவும் காகிதமும் போதும்.

முதலில் சூத்திரம். எடையை நீளத்தின் மும்மடியால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அதை மூன்று, எஃகின் யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்), குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் முனை இறங்கும் தூரம் கிடைக்கும். ஸ்கேலின் அகலம் 25 மி.மீ., தடிமன் 1 மி.மீ. என்று கொள்வோம். செவ்வகக் குறுக்குவெட்டுக்கு நிலைமத் திருப்புத்திறன் என்பது அகலத்தைத் தடிமனின் மும்மடியால் பெருக்கி 12-ஆல் வகுத்தது, இங்கே 2.083. எஃகின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,00,000 நியூட்டன். 100 கிராம் எடை ஏறக்குறைய 1 நியூட்டன். மேலே 80,00,000, கீழே 12,50,000. விடை 6.4 மி.மீ.

பிடிப்பு இருக்கும் இடத்தில்தான் வளைக்கும் திருப்பம் உச்சம். அங்கே ஸ்கேலின் மேற்பரப்பில் உண்டாகும் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பு தாங்கும் உள்விசை, சதுர மில்லிமீட்டருக்கு 48 நியூட்டன். சாதாரணக் கட்டுமான எஃகு நிரந்தரமாக வளைவதற்கு இந்த எண் 250-ஐத் தாண்ட வேண்டும். எனவே எடையை எடுத்ததும் ஸ்கேல் நிமிர்ந்துவிடும்.

சூத்திரத்தின் பெரிய லாபம் இந்த ஒற்றை எண் இல்லை. எது எதைக் கட்டுப்படுத்துகிறது என்று அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. நீளம் மும்மடியில் வருகிறது. 20 சென்டிமீட்டரை 25 ஆக்கினால் இறக்கம் 6.4-லிருந்து 12.5 ஆகிறது, கிட்டத்தட்ட இரட்டிப்பு. பால்கனியை 'இன்னும் ஒரு அடி மட்டும்' நீட்டச் சொல்லும் வீட்டுக்காரரிடம் பொறியாளர் ஏன் தயங்குகிறார் என்பது இங்கே புரியும். தடிமனும் மும்மடிதான். உங்கள் ஸ்கேல் 1 மி.மீ. இல்லாமல் 0.9 மி.மீ. இருந்தால் விடை 8.8 ஆகிவிடும். ஸ்கேலைச் செங்குத்தாகத் திருப்பி 25 மி.மீ. உயரமாக வைத்தால் அது 625 மடங்கு விறைப்பாகிறது. இறக்கம் கண்ணுக்கே தெரியாது. கட்டடங்களின் உத்திரங்கள் ஏன் படுத்திருக்காமல் நிமிர்ந்து நிற்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. (வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஸ்கேல் தன் சொந்த எடையாலேயே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தொங்கும். படிக்கல் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து வித்தியாசத்தை எடுங்கள்.)

இந்தச் சூத்திரம் ஒரே நாளில் வந்ததில்லை. வீட்டுக்காவலில் இருந்த கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் சுவரில் செருகிய உத்திரத்தை எடுத்துக்கொண்டார். குறுக்குவெட்டு முழுதும் ஒரே அளவில் இழுபடுகிறது, கீழ்விளிம்பு கீல் போல நிற்கிறது என்று அவர் கருதினார். உண்மையில் மேல்பாதி இழுபடுகிறது, கீழ்பாதி நசுங்குகிறது. அதனால் அவர் முறையில் கணக்கிட்ட வலிமை சரியானதைவிட மூன்று மடங்கு கூடுதல். ஆனால் அகலத்தைப் போலவும் உயரத்தின் இருமடியைப் போலவும் வலிமை வளர்கிறது என்று அவர் சொன்னது அப்படியே நிற்கிறது. ஜேக்கப் பெர்னூலி, ஆய்லர், கூலோம் எனப் பலர் கைமாற்றிச் செதுக்கிய பிறகு, 1826-இல் அச்சான நேவியரின் விரிவுரைகள் வழியாக இன்றைய வடிவம் பொறியாளர்களின் அன்றாடக் கருவியாயிற்று.

சூத்திரத்துக்கு எல்லை உண்டு. ஸ்கேலின் நடுவே கோணல்மாணலாக ஒரு துளை, நீளவாக்கில் தடிமன் மாறும் பட்டை, ஓர் எஞ்சின் பிளாக், ஓர் அணை என்று வந்தால் சமன்பாட்டை எழுத முடியும், பெரும்பாலும் சூத்திரமாகத் தீர்க்க முடியாது. இங்கேதான் இரண்டாவது வழி தேவைப்படுகிறது. அதன் அடித்தளங்களில் ஒன்றை, 31 வயதில் இறந்துபோன சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்ட்டர் ரிட்ஸ், தம் வாழ்வின் கடைசி ஆண்டான 1909-இல் கொடுத்தார்.

அவருடைய யோசனை இது. வளைந்த ஸ்கேலில் மீள்சக்தி சேர்கிறது; இறங்கிய எடை நிலையாற்றலை இழக்கிறது. இரண்டையும் கூட்டிய மொத்த ஆற்றல் எந்த வடிவத்தில் மிகக் குறைவோ, அந்த வடிவத்தில்தான் ஸ்கேல் நிற்கும். உண்மையான வடிவம் தெரியாவிட்டால் நாமே எளிய வடிவம் ஒன்றை ஊகித்துக்கொண்டு, அதற்குள் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் அளவைத் தேடலாம்.

ஸ்கேல் முழுவதும் ஒரே வட்டவில்லாக வளைகிறது என்று ஊகிப்போம். இது தவறு என்று நமக்குத் தெரியும். பிடிப்பருகே அதிகமாகவும் முனையருகே வளைவே இல்லாமலும்தான் ஸ்கேல் இருக்கும். இருந்தாலும் கணக்கைப் போட்டால் இறக்கம் 4.8 மி.மீ. வருகிறது. சரியானதைவிட 25 சதவீதம் குறைவு. இப்போது ஸ்கேலை இரண்டு சம துண்டாக்கி, ஒவ்வொன்றும் தனித்தனி வட்டவில், இணையும் இடத்தில் மடிப்பில்லாமல் சேர்கின்றன என்று வைத்துக்கொண்டால் 6.0. நான்கு துண்டாக்கினால் 6.3. துண்டுகளை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் பிழை நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. கணினி மென்பொருள் செய்வதன் சாரம் இதுதான். இரண்டு துண்டுக்குப் பதில் இரண்டு லட்சம் துண்டு, அவ்வளவே.

விடை எப்போதும் குறைவாகவே வருவதைக் கவனித்தீர்களா? ஸ்கேலை நாம் ஊகித்த வடிவங்களுக்குள் மட்டும் வளையச் சொல்கிறோம். சுதந்திரம் குறைந்த பொருள் விறைப்பாகத் தெரியும். விசை கொடுத்து இடப்பெயர்ச்சியைத் தேடும் இத்தகைய முறைகளில், கரடுமுரடான பிரிப்பு பொருளை உண்மையைவிடப் பலசாலியாகக் காட்டும் இயல்புடையது. பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் இது தவறான பக்கம் சாயும் பிழை.

இதைவிட முக்கியமான ஒன்று தகைவில் ஒளிந்திருக்கிறது. பிடிப்பு இடத்தில் சரியான தகைவு 48. நம் வட்டவில் கணக்கில் ஒரே துண்டு 24 என்கிறது, நேர்பாதி. இரண்டு துண்டு 36, நான்கு துண்டு 42, எட்டு துண்டு 45. நான்கு துண்டில் இறக்கத்தின் பிழை இரண்டு சதவீதம்கூட இல்லை. அதே கணக்கில் தகைவின் பிழை 12.5 சதவீதம். இறக்கம் அழகாகப் பொருந்திவிட்டது என்று திருப்தியடைந்து எழுந்துவிட்டால், எது உடைப்பைத் தீர்மானிக்கிறதோ அந்த எண் இன்னும் பின்தங்கி நிற்கிறது. மென்பொருள் திரையில் சிவப்பும் நீலமுமாகத் தெரியும் தகைவுப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

பிழை எப்படிச் சுருங்குகிறது என்று தெரிந்தால் அதையே நமக்குச் சாதகமாக்கலாம். நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது என்பதால், இரண்டாவது விடையை நான்கால் பெருக்கி, முதல் விடையைக் கழித்து, மூன்றால் வகுங்கள். 6.0-ஐ நான்கால் பெருக்க 24.0, அதில் 4.8 போக 19.2, மூன்றால் வகுக்க 6.4. இரண்டு மோசமான விடைகளிலிருந்து சரியான விடை! லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1910 வாக்கில் கல்லணை ஒன்றின் உட்தகைவுகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிட்டபோது இந்த உத்தியைப் பயன்படுத்தினார். அன்று கணினி கிடையாது. கூலிக்கு ஆள் வைத்துக் கையால் கூட்டிப் பெருக்கினார்கள்.

1943-இல் ரிச்சர்ட் கூரன்ட் முக்கோணங்களாகப் பிரிக்கும் யோசனையை முன்வைத்தார். கணினி வந்த பிறகு இந்த முறை வேகம் பிடித்தது: 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரும் விமான அமைப்புகளுக்காக வெளியிட்ட கட்டுரை தொழில்துறைக்கு வழி திறந்தது. 'ஃபைனைட் எலிமெண்ட்' என்ற பெயரை 1960-இல் சூட்டியவர் ரே கிளஃப்.

துண்டுகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கக்கூடாது. ஒரு திசையில் இழுபடும் அகலமான தகட்டில் சிறு வட்டத்துளை இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று 1898-இல் கிர்ஷ் சூத்திரமாகக் காட்டினார். மென்பொருளும் மெஷ்ஷை, அதாவது துண்டுகளின் வலையை, நெருக்க நெருக்க மூன்றை எட்டி நிற்கும். அதுவே உள்நோக்கி மடங்கும் கூர்மூலையாக இருந்தால் கோட்பாட்டின்படி தகைவுக்கு வரம்பே இல்லை. மெஷ்ஷை நெருக்க நெருக்க எண் ஏறிக்கொண்டே போகும். எந்த எண் நிற்க வேண்டும், எது நிற்காது என்று முன்கூட்டிச் சொல்வது கோட்பாடு மட்டுமே.

இதைப் படிக்காததன் விலை என்ன? 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்டாவஞ்சர் அருகே ஒரு ஃபியோர்டில், ஸ்லெய்ப்னர் ஏ என்ற கடல் எரிவாயு மேடையின் கான்கிரீட் அடித்தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 24 கான்கிரீட் அறைகள் கொத்தாக நிற்கும் அமைப்பு அது. மூன்று அறைகள் சந்திக்கும் இடத்தில் முக்கோண இடைவெளி. அதற்குள் கடல்நீர் நின்று சுவர்களைத் தள்ளும். அப்படி ஒரு சுவர் பிளந்தது. பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அடித்தளம் முழுவதும் மூழ்கி நொறுங்கியது. நில அதிர்வுமானிகள் அதை ரிக்டர் அளவில் 3.0 என்று பதிவு செய்தன. உயிர்ச்சேதம் இல்லை. பொருள் இழப்பு சுமார் 70 கோடி டாலர்.

விசாரணையில் தெரிந்தது: நாஸ்ட்ரான் மென்பொருளில் போட்ட கணக்கில் அந்த மூலைகளின் மெஷ் பொருத்தமாக அமையவில்லை. வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. அதை நம்பி வைத்த கம்பிகளும் அங்கே போதவில்லை. கவனமாக மறுபடி கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். ஆக, முறையில் குறையில்லை; பயன்படுத்திய விதத்தில்தான் குறை. சுவரின் மேல் சீராக அழுத்தும் நீரின் விசையில் பாதி ஒரு முனைக்கும் பாதி மறுமுனைக்கும் போயாக வேண்டும் என்பது சமநிலை விதி. அந்தப் பாதியைக் காகிதத்தில் எழுதி, கணினி சொன்ன வெட்டுவிசையின் பக்கத்தில் வைத்திருந்தால் இடைவெளி கண்ணில் பட்டிருக்கும். மாற்று அடித்தளத்தைக் கட்ட வேண்டிய அவசரத்தில், பழைய கணினிக் கணக்கின் சிக்கல் தீரும்வரை காத்திராமல், ஸ்லைடு ரூல் காலத்துக் கைக்கணக்கு முறைகளைக் கொண்டே வடிவமைப்பைத் தொடங்கினார்கள். 1993-இல் அது கடலில் நின்றது.

பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மென்பொருளைத் திறக்கும் முன், அந்தப் பொருளை ஒரு கேண்டிலீவராகவோ இரு முனையிலும் தாங்கிய உத்திரமாகவோ எளிமையாக்கி, இறக்கமும் தகைவும் எந்த அளவில் வரும் என்று தோராயமாக எழுதி வையுங்கள். கணினி விடை வந்ததும் தாங்கும் இடங்களின் எதிர்விசைகளைக் கூட்டிப் பாருங்கள். கொடுத்த எடைக்குச் சமமாக இல்லையென்றால் மேலே போகாதீர்கள். பிறகு மெஷ்ஷை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள். இறக்கத்தை விட்டுவிட்டுத் தகைவு எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். உங்கள் மதிப்பீட்டுக்கும் கணினிக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால், யார் தவறு என்று கண்டுபிடிக்கும் வரை ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கைக்கணக்குத் தாளையும் ரிப்போர்ட்டோடு சேர்த்தே கொடுங்கள்.