‘ஒன்றுமில்லை’ என்ற எண்ணமும் இருதய நோயும்

மாரடைப்பால் ஒருவர் காலமானால், “நேற்று வரை நன்றாகத்தானே இருந்தார்” என்று கூறி வருந்துவது எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால், பெரும்பாலான மாரடைப்புகளுக்கான அடித்தளம் பல வருடங்களுக்கு முன்னரே இடப்பட்டுவிடுகின்றது என்பதே உண்மையாகும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட தரவுகளின்படி, இலங்கையில் நிகழும் மரணங்களில் 83 சதவீதமானவை தொற்றா நோய்களால் ஏற்படுபவை. இவற்றில் இருதய, குருதிக்குழாய் நோய்களே முதலிடம் வகிக்கின்றன. மொத்த மரணங்களில் 34 சதவீதம் அவற்றாலேயே சம்பவிக்கின்றன.

இருதயத் தசைக்குக் குருதி வழங்கும் நாடிகளின் உட்சுவரில் கொழுப்பு சிறிது சிறிதாகப் படிகின்றது. அப்படிவு ஒருநாள் வெடிக்கும்போது, அவ்விடத்தில் குருதி உறைந்து நாடி அடைபட்டு விடுகின்றது. உயர் குருதி அழுத்தம், நீரிழிவு, கூடுதலான கொலஸ்ட்ரோல், புகைத்தல் ஆகியனவே இதனைத் துரிதப்படுத்துகின்றன. இவற்றுள் முதல் மூன்றும் பெரும்பாலும் எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. எனவே, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்ற உணர்வை நம்பியிருக்க முடியாது. பரிசோதித்தே அறிய வேண்டும். நாடெங்கும் இயங்கும் அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைக் கடந்தோர் இப்பரிசோதனைகளை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

பாதுகாப்பு சமையலறையிலேயே ஆரம்பமாகின்றது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமிற்கும் குறைவான உப்பே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான அளவே போதுமானது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்ஸர் என்பன அந்த அளவை எளிதில் தாண்டச் செய்துவிடும். நாளுக்கு நான்கைந்து தடவை அருந்தும் தேநீரின் சீனியும் கணக்கில் கொள்ளப்பட வேண்டியதே. மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் வர்ணக் குறியீடு 2016ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. அதனைப் பார்த்து வாங்கும் பழக்கம் எமக்கு வர வேண்டும். சோற்றைக் குறைத்து, கீரை, மரக்கறி, பருப்பு, மீன் ஆகியவற்றைக் கூட்டுவதும், வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் விறுவிறுப்பாக நடப்பதும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. புகைத்தலைக் கைவிட்டவருக்கு, புகைப்பதால் கூடியிருந்த இருதய நோய் அபாயம் ஒரு வருடத்திலேயே ஏறக்குறைய அரைவாசியாகக் குறைகின்றது.

நோய் கண்டறியப்பட்ட பின்னரும் அதே எண்ணம் குறுக்கிடுகின்றது. குருதி அழுத்தம் சீராகியதும், ‘இனி ஒன்றுமில்லை’ என்று மாத்திரைகளை நிறுத்திவிடுவோர் பலர். அழுத்தம் சீராக இருப்பதே அம்மாத்திரைகளால்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். நோன்பு நோற்கும் இருதய நோயாளரும் நீரிழிவு நோயாளரும், ரமழானுக்கு முன்னரே வைத்தியரைச் சந்தித்து, நோன்பு நோற்கலாமா என்பதையும், மருந்துகளை ஸஹர், இப்தார் வேளைகளுக்கு ஏற்ப எவ்வாறு மாற்றுவது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது நெஞ்சு வலியை ‘வாய்வு’ என ஒதுக்கி, இஞ்சித் தேநீர் அருந்திவிட்டுக் காத்திருப்பதாகும். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்பன எச்சரிக்கைகளாகும். பெண்களிடத்திலும் நீரிழிவு நோயாளரிடத்திலும் வலியின்றி, களைப்பும் மூச்சுத் திணறலும் மாத்திரமே தோன்றக்கூடும். உறைந்த குருதியைக் கரைக்கும் ஊசி மருந்தாயினும், அடைபட்ட நாடியைத் திறந்து ஸ்டென்ட் பொருத்தும் சிகிச்சையாயினும், முதல் சில மணித்தியாலங்களுக்குள் கிடைத்தாலே முழுப் பயன் தரும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்திலும் இருதயத் தசையின் ஒரு பகுதி இறந்துகொண்டிருக்கும். இறந்த தசையை எந்த வைத்தியராலும் மீட்டுத்தர இயலாது.

1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான இச்சேவை பின்னர் வடக்கு, கிழக்கு உட்பட நாடு முழுவதற்கும் விஸ்தரிக்கப்பட்டது. சிகிச்சை இலவசம், அம்புலன்ஸும் இலவசம். அவற்றை உரிய நேரத்தில் நாடுவது மாத்திரமே எமது பொறுப்பாகும். பரிசோதித்த பின்னர் ‘ஒன்றுமில்லை’ என்று வைத்தியர் கூறட்டும். அதனை நாமே முன்கூட்டித் தீர்மானித்துவிடக் கூடாது.