தலைக்குள் கருவி வருமுன் கைக்குக் காகிதம் வரட்டும்

கருவிலிருக்கும் குழந்தையின் நலம் பார்க்க வந்தது ஸ்கேன் கருவி. அதையே வைத்துப் பெண் சிசுவைக் கண்டறிந்து கலைத்த கொடுமையைத் தருமபுரி மாவட்டம் பார்த்திருக்கிறது. தடைச் சட்டம் 1994இல் வந்தது. அதற்குப் பிறகும் கையடக்க ஸ்கேன் கருவியோடு இங்கே கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. கருவி முதலில் ஊருக்குள் வந்துவிடுகிறது, சட்டம் பின்னால் மெதுவாக வருகிறது, இடையில் மாட்டிக்கொள்வது ஏழைபாழைகள்தாம். அடுத்து வரவிருப்பது மூளையையும் கணினியையும் இணைக்கும் கருவி. இந்த முறையாவது நாம் முன்கூட்டியே விழித்துக்கொள்வோம்.

என்ன செய்யும் இந்தக் கருவி?

மூளை இயங்கும்போது மெல்லிய மின்னலைகள் எழுகின்றன. வலிப்பு நோயாளியின் தலையில் ஒயர்களை ஒட்டி எடுக்கும் இ.இ.ஜி. அவற்றைத்தான் பதிவு செய்கிறது. அந்த அலைகளைக் கணினி படித்துக் கட்டளையாக மாற்றினால், கைகால் அசையாதவரும் திரையில் எழுதலாம், சக்கர நாற்காலியை ஓட்டலாம். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக ஒருவரின் மூளையில் தன் கருவியைப் பொருத்தியது. விபத்தில் உடல் செயலிழந்த அந்த இளைஞர் நினைப்பாலேயே கணினியில் சதுரங்கம் ஆடினார். ஆனால் சில வாரங்களில் மூளைக்குள் வைத்த நுண்ணிழைகள் பல விலகிவிட்டன. மென்பொருளைத் திருத்திய பிறகே கருவி பழையபடி ஓடியது.

நமக்குத் தெரிந்த சொந்தம்

இது எங்கோ நடக்கும் கதையல்ல. இதற்கு நெருங்கிய சொந்தமான காக்ளியர் இம்பிளான்ட் ஏற்கெனவே நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. பிறவியிலேயே காது கேளாத சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதைப் பொருத்துகிறார்கள். உள்செவியில் வைக்கும் மின்முனைகள் கேட்பு நரம்பைத் தூண்டி, மூளைக்கு ஒலியைக் கொண்டுபோகின்றன. எத்தனையோ குழந்தைகள் இதனால் பேசிப் பள்ளிக்குப் போகிறார்கள்.

ஆனால் அறுவை சிகிச்சையோடு வேலை முடிவதில்லை. பேச்சுப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். காதோரம் மாட்டும் ப்ராசஸர், ஒயர், பேட்டரி எல்லாம் தேயும். பழைய மாடலுக்கு உதிரிபாகம் நின்றுபோனால் குழந்தையின் உலகம் மறுபடி அமைதியாகிவிடும். பார்வையிழந்தோருக்காக அமெரிக்காவில் வந்த ஆர்கஸ்-2 என்ற விழித்திரைக் கருவிக்கு இதுதான் நடந்தது. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோர் அதைப் பொருத்திக்கொண்டார்கள். நிதி நெருக்கடியில் சிக்கிய நிறுவனம் அதைக் கைவிட்டது. கருவி கண்ணுக்குள் இருந்தது, பழுது பார்க்க ஆள் இல்லை.

வேறு என்ன ஆபத்து?

மண்டையைத் திறந்து வைக்கும் கருவியில் தொற்று, ரத்தக்கசிவு, மறு அறுவை ஆகிய அபாயங்கள் உண்டு. தலைப்பட்டையாக அணியும் கருவியில் அவை இல்லை. ஆனால் அங்கே மூளையின் தரவு நிறுவனத்தின் கைக்குப் போகிறது. சீனாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் மாணவர்களின் கவனத்தை அளக்க இத்தகைய பட்டையை மாட்டினார்கள். 2019இல் எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தினார்கள். மதிப்பெண்ணுக்காக எதையும் வாங்கிக்கொடுக்கும் பெற்றோர் இதை நினைவில் வைப்பது நல்லது. சிலி நாடு 2021இல் மூளைச் செயல்பாட்டுக்கும் அதன் தரவுக்கும் அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு எழுதியது.

நமக்குள்ள உரிமைகள்

*காவல் விசாரணை:* 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மயக்க மருந்து கொடுத்து விசாரிக்கும் நார்கோ சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மூளை அலைச் சோதனை எதையும் ஒருவர் சம்மதமின்றி நடத்தக் கூடாது. விருப்பப்பட்டுச் செய்துகொண்டாலும் அந்த முடிவு மட்டுமே சாட்சியமாகாது.

*ஆராய்ச்சி:* நரம்பு நோய் என்றால் இங்கிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுகிறோம். அங்கே “புதுக் கருவி, இலவசம்” என்று யாராவது சொன்னால், அது சிகிச்சையா, ஆராய்ச்சியா என்று முதலில் கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆராய்ச்சியால் பாதிப்பு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 6ஆவது பிரிவு இன்னொரு காவலையும் தருகிறது. மாற்றுத்திறனாளியை ஆராய்ச்சிக்கு உட்படுத்த, அவருக்குப் புரியும் வழியில் பெற்ற சம்மதம் வேண்டும். அதோடு, குறைந்தது பாதிப் பேர் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுக்கான பதிவுபெற்ற சங்கத்தினராகவோ உள்ள அரசுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும்.

*தரவு:* 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமையானது. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கக் கேட்கவும் வழி செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. மூளைத் தரவுக்கென்று தனிக் காவல் அச்சட்டத்தில் இல்லை. ஆகவே கையெழுத்துக்கு முந்தைய கேள்விதான் நமக்குப் பெரிய பாதுகாப்பு.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

- பேட்டரி, உதிரிபாகம், மென்பொருள் செலவு யாருடையது? எத்தனை ஆண்டுக்கு?
- நிறுவனம் மூடினால் யார் பொறுப்பு? கருவியை எடுக்க வேண்டி வந்தால் செலவு யாருடையது?
- தரவு எங்கே போகிறது? யார் பார்ப்பார்கள்?
- ஒப்புதல் படிவம் தமிழில் உண்டா? நகல் கிடைக்குமா?

எங்கே போவது?

- காசு கொடுத்து வாங்கிய கருவியில் குறை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுங்கள். விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆலோசனைக்கு 1915.
- மருத்துவக் கருவியால் உடல் பாதிப்பு என்றால் 1800 180 3024 எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம்.
- பெண்கள், குழந்தைகள், பட்டியலின, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். எண் 15100.
- உதவிக் கருவிகள் பற்றிய மனுக்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டமும் உண்டு.

இத்தனை கதவுகள் இருந்தாலும், ரசீதும் படிவ நகலும் இல்லாமல் போனால் எதுவும் எளிதில் திறக்காது. கருவியின் மாடல் எண், உத்தரவாத அட்டை, ஒப்புதல் படிவம் மூன்றையும் காப்பீட்டு அட்டையோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். வாய்மொழி வாக்குறுதி எதுவானாலும், “அதை எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் தலையை ஒப்படைக்க வேண்டாம்.